ஹாரன் அடித்து ஏறவும்

ஆரன் அடிச்சீங்களா தம்பி?

அடிக்கலையா. சரி, பரவால்ல, வண்டியைப் பின்னால எடுத்து அந்தப் புளியமரத்தோரமா நிறுத்துங்க. போர்டு வெச்சிருக்கறேனே, செவப்புப் பெயிண்டுல, பாக்கலையா? எல்லா எடை மேடையிலயும் ஆரன் அடிக்காதேன்னு எழுதியிருப்பாங்க, இங்க மட்டும் அடிச்சிட்டு ஏறச் சொல்றீங்களேன்னு வர்றவங்க எல்லாருந்தான் கேக்கறாங்க. கேக்கட்டும். அடிக்காம நான் எந்த வண்டியையும் ஏத்த உடறதில்ல.

அட, கரண்டு போச்சு பாருங்க. பேச்சுல இருக்கறப்பவே போயிருச்சு. யு.பி.எஸ். பேட்டரி செத்து மாசக் கணக்காச்சு, மொதலாளி இந்தா வாங்கித் தர்றேன், அந்தா வாங்கித் தர்றேன்னுட்டே இருக்கறாரு. கரண்டு வந்தாலும் மிஷினு செத்த நேரம் நிக்கணும், அப்பறந்தான் எடை. உள்ள வந்து உக்காருங்க. அந்த ஸ்டூல் வேண்டாம், ஒரு கால் ஆடுது. இப்பிடி பெஞ்சுல வாங்க.

தண்ணி வேணும்னா பானையில இருக்குது. மெதுவா. மெதுவாக் குடிங்க தம்பி, அண்ணாந்து ஒரே மூச்சா ஊத்தாதீங்க. ஒரு டம்ளர் போதும். போதுங்கறேனல்ல. டம்ளரை இப்பிடிக் குடுங்க.

என்ன லோடு? மக்காச்சோளமா. பெரம்பலூர்ப் பக்கமிருந்தா. அப்ப நம்ம பக்கத்துக் கோழித்தீவனத்துக்குத்தான் போவுது. நல்லது, நல்லது.

கண்ணு நல்லாத்தான் இருக்குது உங்களுக்கு. ஆமாங்க, நீங்க ஏறறதுக்கு முன்னாடியே வெளிய எடை காட்டற டப்பாவுல நாப்பது எரிஞ்சுது. மேடை காலி. காலி மேடை நாப்பது கிலோ காட்டுது. பயப்படாதீங்க, உங்க பில்லுல அதைக் கழிச்சுத்தான் போடுவேன். ஒரு கிலோ கூட வராது. ஜீரோ பட்டன் எதுக்கு இருக்குதுன்னு கேக்கறீங்க. இருக்குது. இந்தா, இந்த மஞ்சப் பட்டன்தான். அமுக்க மாட்டேன். ஏன்னு சொல்றேன், கரண்டு வர்றவரைக்கும் நேரமிருக்குதே.

என்ற பேரு அர்த்தநாரி. இந்த மேடை போட்ட நாள்ல இருந்து நான்தான் இங்க. அந்தப் பக்கம் சங்ககிரி, இந்தப் பக்கம் திருச்செங்கோடு, ரெண்டு ஊரு லாரிக்காரங்களுக்கும் என்னைத் தெரியும். அர்த்தநாரி போட்ட எடைன்னா பண்ணைக்காரன் மறு எடை போட மாட்டான். அப்பிடி ஒரு பேரு. நான் சொல்லல, ஊரு சொல்லுது.

வண்டிக்காரங்க பண்ற வித்தையெல்லாம் எனக்கு அத்துப்படிங்க. உங்களைச் சொல்லல, தப்பா நெனக்காதீங்க. மணல் லோடுன்னா வழியில நிறுத்தி தண்ணி அடிச்சு நனைச்சுட்டு வருவான். லோடு எடைக்கு டிரைவரும் கிளீனரும் கேபினுக்குள்ளயே உக்காந்துக்குவாங்க, காலி எடைக்கு எறங்கி நின்னு பீடி குடிப்பாங்க. தார்ப்பாய்க்கு அடியில பழைய டயரு. டூல்ஸ் பொட்டியில கருங்கல்லு. வண்டி மேடைக்கு வந்தா நான் மொதல்ல டப்பாவைப் பாக்க மாட்டேன். எந்திரிச்சுப் போயி குனிஞ்சு பாப்பேன். பின் கதவுல தண்ணி சொட்டுச்சுன்னா, அக்கட்ட நிறுத்துடா, வடிஞ்சப்பறம் வாடான்னு தொரத்தி உட்ருவேன். இத்தனை வருசத்துல என்னை ஏமாத்துனவன் ஒருத்தன் கிடையாதுங்க.

பொழுதோட ஊட்டுக்குப் போயி சோத்துல கை வெச்சா, அன்னைக்குப் புடிச்ச கதையைத்தான் சொல்லுவேன். பூங்கோதை, என்ற சம்சாரம், காதுலயே வாங்க மாட்டா. கேக்கறவ என்ற பொண்ணுதான். நித்திலா. ஒரே பொண்ணு. கன்னத்துல கை வெச்சுக்கிட்டு, அப்பறம் எப்பிடிங்கப்பா கண்டுபுடிச்சீங்க, கல்லு எங்க வெச்சிருந்தான், எத்தனை கொடம் தண்ணி ஊத்தியிருப்பான்னு நோண்டி நோண்டிக் கேப்பா. நானும் ஒண்ணு உடாமச் சொல்லுவேன். அப்பன் வேலை மேல புள்ளைக்கு அத்தனை ஆசை.

எட்டாவது படிச்சா. வட்டு எறிவா. என்ற அம்மா வாகு, அகலத் தோளு, கெட்டிக் கையி. கேஸ் சிலிண்டரை வாசல்ல இருந்து அடுப்படிக்கு அவளே தூக்கிட்டுப் போயிருவா. வட்டை வாங்கி ஒரு சுத்து சுத்தி உட்டான்னா, அளக்கறதுக்கு டேப்பு புடிச்சு நிக்கற புள்ளைங்க பின்னால ஓடும். தட்டுல இட்லி வெச்சா எண்ணமாட்டா. நல்லா சாப்புடுவா, நல்லாச் சிரிப்பா, படுத்தா அடுத்த நிமிசம் தூங்கிருவா. புள்ளைன்னா அப்பிடித்தானுங்களே இருக்கணும்.

போன வருசம் ஆடி மாசம் பள்ளிக்கூடத்துல உடம்பு சோதனை வெச்சாங்க. எந்தப் பள்ளிக்கூடம்னு வேண்டாம், பேரு எதுக்கு. உசரம் அளப்பாங்க, எடை போடுவாங்க, எடையை உசரத்தால ரெண்டு தடவை வகுத்து ஒரு நம்பர் எடுப்பாங்க. பி.எம்.ஐ.ன்னு பேரு. உங்க ஊட்டுலயும் புள்ளைங்க படிச்சா கேள்விப்பட்டிருப்பீங்க. சுவத்துல ஒரு அட்டை மாட்டியிருந்தாங்க. இந்த நம்பர்ல இருந்து இந்த நம்பர் வரைக்கும் பச்சை, அதுக்கு மேல செவப்பு, கீழ மஞ்சள்னு. ஆறாவது படிக்கற பொடிசுக்கும் அதே அட்டை, பன்னெண்டாவது படிக்கற மீசை மொளைச்ச பையனுக்கும் அதே அட்டை. அதோட உட்டாங்களா? எந்தக் கலர்ல நம்பர் விழுந்துச்சோ அந்தக் கலர்ல கழுத்துக்குக் கயிறு. அடையாள அட்டை தொங்குமே, அந்தக் கயிறு. அடுத்த சோதனை வரைக்கும் அதைத்தான் போட்டுக்கிட்டு வரணும். புள்ளைங்களுக்கு ஒரு வைராக்கியம் வரட்டும்னாங்க.

என்ற பொண்ணுக்குச் செவப்பு.

கழுத்துல போடாம, சுருட்டி டிபன் பொட்டிக்குள்ள வெச்சு எடுத்துட்டு வந்தா. பூங்கோதைதான் பாத்திரம் கழுவறப்பப் பாத்துட்டு, என்னடி கயிறு இதுன்னா. அப்பத்தான் அழுதா. அம்பத்தெட்டு கிலோவாம், உசரத்துக்கு ரொம்ப அதிகமாம், இப்பிடியே போனா சக்கரை வருமாம், நெஞ்சு வலி வருமாம். பதிமூணு வயசுப் புள்ளைகிட்டச் சொல்லியிருக்கறாங்க.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். எடை விசயத்துல என்ற ஊட்டுக்கே வந்து ஒருத்தன் சொல்றதா? அவங்க மிஷினு என்ன மிஷினு, மருந்துக்கடை வாசல்ல போடற மிஷினு. மக்கா நாளே, விடிஞ்சதும், முத்திரை போட்ட இருவது கிலோ கல்லு ரெண்டை டி.வி.எஸ்.ல கட்டிக்கிட்டுப் போயிட்டேன். பிரின்சிபால் ரூமுக்கு மிஷினைக் கொண்டாரச் சொன்னேன். ஒரு கல்லு வெச்சேன், இருவது. ரெண்டு கல்லு வெச்சேன், நாப்பது. கல்லை அந்த மூலையில வெச்சேன், இந்த மூலையில வெச்சேன். ஒரு கிராம் பெசகலீங்க. நான் ஒத்துக்கிட்டேன். நாயம்னா நாயந்தானே. பிரின்சிபால் எந்திரிச்சு என்ற கையைப் புடிச்சு, உங்களை மாதிரி அப்பாமாருங்க இருந்தா எங்களுக்கு என்ன கொறைன்னாரு.

வெளிய வர்றேன், கேட்டுகிட்ட வெளையாட்டு மிஸ்ஸு ஜெனிபா நிக்குது. சின்னப் பொண்ணு, வேலைக்கு வந்து ஒரு வருசங்கூட இருக்காது. "சார், வட்டு எறியற புள்ளைக்கு எலும்பும் தசையும் கனமாத்தான் இருக்கும். அந்த நம்பருக்குக் கொழுப்பு எது, தசை எதுன்னு தெரியாது. அவளை ஒண்ணும் சொல்லிராதீங்க"ன்னுச்சு. நான் என்ன சொன்னேன்? ஏம்மா, மிஷினு சரியா இருந்தா அது காட்டறதும் சரிதானேன்னேன்.

ஊட்டுக்கு வந்தேன். புள்ளை வாசல்லயே நிக்குது, அப்பன் போயி சண்டை போட்டுக் கயித்தை மாத்திட்டு வந்திருப்பான்னு. "நான் கல்லு வெச்சுப் பாத்துட்டேன் அம்மிணி. மிஷினு சரி. நீதான் அதிகம்"ன்னேன். மறைச்சுப் பேசற பழக்கம் எனக்கு இல்லீங்க.

அதுலருந்து கொறைக்க ஆரம்பிச்சா. நானும் ஒத்தாசைக்கு நின்னேன், சும்மா சொல்லக் கூடாது. இந்தா இருக்குது பாருங்க, மூட்டை எடை போடற தராசு. பெரிய மேடை பத்து கிலோ பத்து கிலோவாத்தான் காட்டும், மனுசனுக்கு ஆவாது. இது நூறு கிராமுக்கு நிக்கும். பள்ளிக்கூடம் உட்டு நேரா இங்க வருவா, மேடையைச் சுத்திச் சுத்தி ஓடுவா, அப்பறம் தராசுல ஏறுவா. எடை எறங்கியிருந்துச்சுன்னா ரோட்டோரப் பஞ்சர் கடை மணிக்குக் கேக்கற மாதிரிச் சத்தமாச் சொல்லுவேன். அவனும் அங்கிருந்து கையைத் தூக்குவான். புள்ளைக்கு மொகமெல்லாம் பூரிச்சுப் போவும்.

ஐப்பசியில அவ காலுல இருந்து கொலுசு தானா கழண்டு வந்துருச்சுன்னு பூங்கோதை எடுத்து பீரோவுல வெச்சா. எலும்பு தெரியுதுங்க, ராத்திரி குளுருது குளுருதுன்னு ரெண்டு போர்வை போத்தறா, சீப்புல கொத்துக் கொத்தா முடி வருதுன்னு என்னைப் புடிச்சுக்குவா. வட்டும் முன்ன மாதிரிப் போகல, டீம்ல இருந்து எடுத்துட்டாங்க. நான் சொன்னேன், ரெண்டுல ஒண்ணுதான் ஆவும், ஒடம்பு கொறையணும்னா அதெல்லாம் இருக்கத்தான் செய்யும்னு.

குழந்தைகள் தினத்தன்னைக்கு மறுபடி சோதனை. பச்சை வந்துருச்சு. அவ ஒருத்திதான் செவப்புல இருந்து பச்சைக்கு வந்தவ. மேடைக்குக் கூப்பிட்டாங்க, ஆரோக்கிய மாணவின்னு கப்பு. என்னையும் மேல ஏறச் சொன்னாங்க. அந்தா, சுவத்துல இருக்குது பாருங்க போட்டோ. நான்தான் அது, வெள்ளைச் சட்டை. அவ இந்தப் பக்கம். சிரிக்கறா பாருங்க. பல்லு மட்டுந்தான் பெருசாத் தெரியும்.

பச்சைக்கு வந்தப்பறம் நிறுத்தியிருக்கலாமேங்கறீங்க. நிறுத்தணும்னு யாரு சொன்னா? நீங்க டிரைவர், உங்களுக்கே தெரியும். செவப்புன்னா நில்லு, பச்சைன்னா போ. அவ போயிட்டே இருந்தா. கயிறு திரும்பச் செவப்பாயிருமோன்னு பயமாம். தூங்கறப்பக் கூட அந்தப் பச்சைக் கயித்தைக் கழட்ட மாட்டான்னு பூங்கோதை சொல்லுவா. மதியத்துக்குக் குடுத்து உட்ட சோறு அப்பிடியே திரும்பி வரும். கேட்டா மிஸ்ஸு முட்டை குடுத்தாங்க, பசிக்கலைம்பா.

தைப்பொங்கலன்னைக்கு கோலத்து மேலயே மயங்கி உழுந்துட்டா. ஈரோட்டுக்குக் கொண்டு போனோம். லேடி டாக்டர். நெஞ்சுல வயரெல்லாம் ஒட்டிப் பாத்துட்டு, இதயம் ரொம்ப மெதுவா அடிக்குது, ஒடம்பு தசையைத் தின்ன ஆரம்பிச்சிருச்சுன்னாங்க. நான் போனை எடுத்து அந்தக் கப்பு வாங்குன போட்டோவைக் காட்டுனேன். மேடம், பள்ளிக்கூடத்துலயே பச்சைன்னு சொன்னாங்களேன்னேன். அந்தம்மா போனை என்ற கையிலயே திருப்பிக் குடுத்துச்சு. "அந்த அட்டை பெரியவங்களுக்குப் போட்டது. வளர்ற புள்ளைங்களுக்கு வயசுக்கு ஒண்ணு, ஆணுக்கு வேற, பொண்ணுக்கு வேற. அதைக் கூட உடுங்க. எந்த நம்பர்ல நிக்கறாங்கறது இல்லீங்க ஆபத்து. எத்தனை வேகமா எறங்குனாங்கறதுதான்."

இதை நம்ம ஊர்ல யாருக்குச் சொல்லிப் புரிய வெக்கறது? அந்த வாரமே ஒரு பண்ணை சூப்பர்வைசர் எடை போட வந்தாரு, அவருகிட்டச் சொன்னேன். அவரு சிரிச்சாரு. அர்த்தநாரி, கோழிக்குஞ்சுக்கே வாரத்துக்கு ஒரு எடை வெச்சிருக்கறோம், மூணு வாரக் குஞ்சை ஆறு வாரக் கோழி அட்டையில பாத்தா பண்ணையை மூடிட்டுப் போவ வேண்டியதுதான்னாரு. பாத்தீங்களா? கோழிக்குத் தெரிஞ்ச நாயம் படிச்சவங்களுக்குத் தெரியல. அப்ப தப்பு யாரு மேல? அட்டை மேல. அதைத்தான் நான் இன்னைக்கு வரைக்கும் சொல்லிட்டிருக்கறேன்.

டாக்டரம்மா அந்தப் பொங்கலன்னைக்கே ஆஸ்பத்திரியில படுக்க வெக்கச் சொல்லுச்சு. மூக்குல குழாய் போட்டுக் கஞ்சி ஏத்தணுமாம். புள்ளை என்ற சட்டையைப் புடிச்சுக்கிட்டு, வேண்டாங்கப்பா, வேண்டாங்கப்பான்னு ஒரே அழுகை. நான் பேசுனேன். ஒரு வாய்ப்புக் குடுங்க மேடம், ஊட்டுலயே ஏத்திக் காட்டறோம்னேன். வாராவாரம் கூட்டிட்டு வந்து எங்க மிஷினுல காட்டணும், ஏறலைன்னா படுக்க வெச்சே ஆகணும்னு சொல்லித்தான் அனுப்புனாங்க. வழியெல்லாம் புள்ளைகிட்ட ஒண்ணுதான் சொன்னேன். எடை ஏறுனா ஆஸ்பத்திரி வேண்டாம் அம்மிணி, ஏறலைன்னா குழாய்தான்.

ஏறுச்சுங்க. சொன்னா நம்ப மாட்டீங்க, தெனம் ஏறுச்சு. வெடியால நான் வேலைக்கு வர்றப்பவே டி.வி.எஸ்.ல கூட வருவா, அந்தத் தராசுல ஏறுவா, அப்பறம் இங்கிருந்து பள்ளிக்கூடம். ஈரோட்டுக்கு எதுக்கு அலையறது, அவங்க மிஷினை விட என்ற மிஷினு ஒசத்திதானே. போன் பண்ணி நர்ஸம்மாகிட்ட எடையைச் சொல்லிருவேன். அவங்களும் மொதல்ல, நேர்ல கூட்டிட்டு வாங்கன்னுதான் சொன்னாங்க. எடை மேடை அர்த்தநாரிம்மா நானு, எங்கிட்டயான்னேன். பூங்கோதைதான் மல்லுக்கு நின்னா. சோறு திங்கறதை நான் பாக்கல, எடை மட்டும் எங்கிருந்து ஏறுதுன்னா. பொம்பளைக்குச் சந்தேகம். நான் மிஷினை நம்பறவன்.

மொகம் கூடக் கொஞ்சம் உப்புன மாதிரி இருந்துச்சு. சதை போடுதுன்னு சந்தோசப்பட்டேன். தலைவலிக்குது, வாந்தி வர்ற மாதிரி இருக்குதும்பா, சாப்பாடு பழகோணுமில்ல, அப்பிடித்தான் இருக்கும்பேன். நடந்து வந்தா கிணிங் கிணிங்குன்னு கொலுசுச் சத்தம் கேக்கும். அது ஒரு சந்தோசம். அந்தச் சமயத்துல இந்த மணி வேற, என்ற வீல் நட்டு டப்பாவுல எவனோ கையை வெக்கறான், பெரிய நட்டெல்லாம் காணோம்னு தெனமும் கத்திட்டிருப்பான். எனக்கு அதுவா கவலை?

மாசி மாசம். அன்னைக்கும் இதே மாதிரி வெயிலு, வெடியாலயே சுள்ளுன்னு. தராசுல ஏறி நின்னா. நாப்பத்தி நாலு. தட்டுல ரெண்டு சொட்டுத் தண்ணி கெடந்துச்சு. தண்ணி பாட்டில் ஒழுகுது, மூடியை நல்லா மூடு அம்மிணின்னேன். அவ அப்பிடியே நின்னுக்கிட்டு என்ற மொகத்தையே பாத்தா.

"போதுங்களாப்பா?"

"இன்னும் கொஞ்சம் ஏத்து அம்மிணி"ன்னேன்.

அவ்வளவுதானுங்க பேச்சு. சோள லோடு ஒண்ணு ரோட்டுல இருந்து திரும்புச்சு, நான் ரசீது எடுக்க உள்ள வந்துட்டேன். அவ தராசுல இருந்து எறங்கி, பெரிய மேடையைத் தாண்டி ரோட்டுக்குப் போகோணும். பாதி மேடையில உக்காந்துட்டா. கண்ணாடி வழியாப் பாத்தேன். அக்கட்ட போ அம்மிணி, வண்டி வருதுன்னு கத்துனேன். எந்திரிக்கல. படுத்துட்டா. கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்குது. வண்டிக்காரன் மேடை காலின்னு நெனச்சு ஆரன் கூட அடிக்காம வர்றான். நான் ஓடறதுக்குள்ள அவனே பாத்துட்டு பிரேக்கை மிதிச்சான். டயரு அவ பக்கத்துல வந்து நின்னுச்சு. வண்டி இடிக்கலீங்க. இடிச்சுதுன்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு இருக்குது, அது பொய். ஒரு நகம் கூடப் படல.

அந்த வண்டியிலயே தூக்கிப் போட்டுக்கிட்டு ஈரோடு போனோம். பொழுது எறங்கறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. தண்ணி அளவுக்கு மீறிக் குடிச்சிருக்கறா, ரத்தத்துல உப்பு கொறைஞ்சு மூளை வீங்கிருச்சு, ஏற்கெனவே தளர்ந்த இதயம் தாங்கலன்னாங்க. தண்ணி குடிச்சு யாராச்சும் சாவாங்களா தம்பி? நீங்களே சொல்லுங்க. தண்ணி. என்னென்னமோ சொல்றாங்க, நமக்கென்ன தெரியும். அவங்க எழுதிக் குடுத்ததுல எடை நாப்பதுன்னு இருந்துச்சு. அதுக்குத்தான் நான் அங்கயே சண்டைக்கு நின்னேன். வெடியாலதான் என்ற தராசுல நாப்பத்தி நாலு காட்டுச்சு, உங்க மிஷினுல கோளாறுன்னேன். அந்த டாக்டரம்மா என்னைப் பாத்த பார்வை இருக்குதே, அதை உட்ருங்க.

ஆஸ்பத்திரியில கழட்டிக் குடுத்த அவ பள்ளிக்கூடப் பாவாடையைப் பூங்கோதை தொவைக்க எடுத்திருக்கறா. ஓரம் பூரா மடிச்சுத் தெச்சு, உள்ள நட்டு. மணி கடை நட்டு, சுத்தியும் வரிசையா. பாவாடையை அப்பிடியே கொண்டாந்து என்ற மடியில போட்டா. "ஊர்ல இருக்கற வண்டிக்காரனையெல்லாம் குனிஞ்சு பாத்தீங்களே. பெத்த புள்ளையை ஒரு நாளு குனிஞ்சு பாத்தீங்களா?" அதோட பேச்சை நிறுத்துனவதான். இப்ப பவானியில அவ அண்ணன் ஊட்டுல இருக்கறா. போன் பண்ணா அண்ணன்தான் எடுக்கறாரு.

எதுக்குத் தெச்சிருந்தாளோ அந்த நட்டை. காத்துல பாவாடை பறக்காம இருக்கறதுக்கா இருக்கும். வயசுப் புள்ளைங்களுக்குக் கூச்சம் இருக்குமல்ல.

பள்ளிக்கூடத்துல அட்டையைக் கழட்டிட்டாங்க. இப்ப எல்லாருக்கும் நீலக் கயிறு. ஒருத்தர், ஒரே ஒருத்தர் என்ற ஊட்டுப் படியேறி வந்து தப்பாப் போச்சுங்கன்னு சொல்லல. அந்த ஜெனிபா மிஸ்ஸு மட்டும் எழவுக்கு வந்து பூங்கோதை கையைப் புடிச்சு அழுதுட்டுப் போச்சு. நானே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பிரின்சிபால் என்ன சொல்றாருங்கறீங்க? நீங்கதானேங்க கல்லோட வந்து எல்லாஞ் சரின்னு சொல்லிட்டுப் போனீங்கங்கறாரு. மிஷினைத்தானே நான் சரின்னேன்? அட்டையையா சரின்னேன்? இதென்ன நாயம், சொல்லுங்க.

சரி, நீங்க கேட்டது இந்த நாப்பது.

காரியம் முடிஞ்சு நான் வேலைக்கு வந்த மொத நாளு, சுவிச்சைப் போட்டேன், டப்பாவுல நாப்பது. மேடையில ஒரு எலை கூட இல்ல. கூட்டுனேன், கழுவுனேன். நாப்பது. சேலத்துல இருந்து மெக்கானிக் வந்து அடியில புகுந்து எல்லாத்தையும் கழட்டி மாட்டுனான், அடியில எடை தாங்கற செல்லை மாத்துனான். அவன் இருந்த வரைக்கும் ஜீரோ. அவன் வண்டி ரோட்டுக்கு ஏறுச்சு, நாப்பது. முத்திரை போடற ஆபீசர் வந்தன்னைக்கும் அப்பிடித்தான். ஆளுங்க முன்னாடி கூச்சம் போல. ஒரு நாளு நான் லீவுல இருந்தப்ப, மாத்தாளா வந்த பையன் அந்த மஞ்சப் பட்டனை அமுக்கிட்டான். வந்து பாத்தேன், ஜீரோ. அவன் கழுத்துல கையை வெச்சுட்டேன், மணிதான் வந்து பிரிச்சு உட்டான். அன்னைக்குப் பூரா ஜீரோதான். நான் ஊட்டுக்கே போவல, இங்கயே உக்காந்திருந்தேன். மக்கா நாளு வெடியால திரும்ப வந்துச்சு. அதுலருந்து அந்தப் பட்டன் மேல யாரும் கை வெக்க உடறதில்ல. மொதலாளி கூட ரெண்டு தடவை வேலையை உட்டுப் போன்னு சொல்லிட்டாரு. போக மாட்டேன். நான் போயிட்டா வர்றவன் அமுக்கிருவான்.

என்ன பாக்கறீங்க? தராசுல நாப்பத்தி நாலு, மேடையில நாப்பதா, எது சரிங்கறீங்களா?

அது வேற மிஷினு, இது வேற மிஷினு. ரெண்டும் சரிதான். என்ற மிஷினு எதுவும் பொய் சொல்லாது.

இந்தா, கரண்டு வந்துருச்சு. செத்த பொறுங்க, நிக்கட்டும். எந்த மிஷினும் கரண்டு போயி வந்தா தானா ஜீரோவுல வந்து நிக்கோணும். இதைப் பாருங்க. வாசலுக்கு வந்து நல்லாப் பாருங்க, மேடை மேல யாராச்சும் இருக்கறாங்களா? காத்துக் கூட இல்ல. டப்பாவைப் பாருங்க இப்ப.

ம். நாப்பது. அவ்வளவுதான்.

வண்டியை எடுங்க தம்பி. ரோட்டுல ஏத்தித் திருப்பி நேரா வாங்க. மேடைக்கு முன்னாடி நிறுத்தி ஆரன் அடிங்க. ஒரு தடவை அடிச்சிட்டு உடனே ஏத்தீராதீங்க. பொறுத்து இன்னொரு தடவை அடிங்க. அவளால வெடுக்குன்னு எந்திரிக்க முடியாது.